வீடு பார்க்க வரும் பெண் குருவி

புதுக்கோட்டை மாவட்டம், குளத்தூர் வட்டத்தில் உள்ள ஊர் குன்றாண்டார்கோவில். பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த கோயிலால் பெயர் பெற்றது. அதன் வரலாற்றைச் சொல்ல நூல்கள் உண்டு. இவ்வெள்ளியன்று நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அவ்வூர்ப் பக்கத்து வயற்காட்டுக்கு. அங்கே கைவிடப்பட்ட ஒரு கிணற்றின் ஓரத்தில் பனை ஒன்று நிற்கிறது. அதன் ஓலைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன.

அக்கூடுகளைச் சற்று நின்று பாருங்கள். சில, சுரைக்குடுக்கை போல் வயிறு பருத்து, கீழே நீண்ட குழலோடு முழுமையாய் இருக்கும். சில, கவிழ்த்த மணியைப் போல் பாதியிலே நிற்கும். இந்தப் பாதிக் கூடுகள் எதற்கு? நான் வியந்து நின்றபோது, வரப்பில் வந்த முதியவர் ஒருவர் விளக்கம் தந்தார்: "அது ஒண்ணுமில்லை ராவுத்தரே, ஆண் குருவி ஊஞ்சலாடக் கட்டின கூடு. பொம்பளைக் குருவி உள்ளே முட்டைமேல குந்தியிருக்கும், இவரு வெளியே காத்து வாங்குவாரு!"

இளமையில் நானும் இதையே கேட்டவன்தான். கூட்டுக்குள் ஈர மண்ணை ஒட்டி, அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கேற்றும் என்ற கதையையும் கேட்டிருக்கிறேன். மண் ஒட்டுவது உண்மை. விளக்கு மட்டும் நம் முன்னோர் ஏற்றியது!

இவை தீங்கற்ற கதைகள். ஆனால் மேடைகளில் வேறொரு கதை சொல்லப்படுகிறது. தூக்கணாங்குருவியே இல்லறத்துக்கு இலக்கணம். கணவனும் மனைவியும் சேர்ந்து நார் கிழித்து, சேர்ந்து வீடு கட்டி, சேர்ந்து குஞ்சு வளர்க்கின்றன. அந்தச் சிற்றுயிரைப் பார்த்தாவது மனிதன் திருந்தக்கூடாதா? இவ்வாறு முழங்கிய சொற்பொழிவுகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்பதற்கு இனிமைதான். ஆனால் உண்மை வேறு.

அந்த உண்மையை முறையாகக் கண்டெழுதியவர், நம் சமுதாயத்தில் பிறந்த ஒருவரே என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1896இல் பம்பாயில், சுலைமானி போரா குடும்பம் ஒன்றில் பிறந்தவர் டாக்டர் சாலிம் அலி அவர்கள். பெர்லின் சென்று பறவையியல் கற்று 1930இல் திரும்பியபோது அவர்களுக்கு வேலையில்லை. பம்பாய்த் துறைமுகத்துக்கு அக்கரையில், அலிபாகை அடுத்த கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில், மனைவி தெஹ்மினாவின் குடும்பத்துக்குரிய வீட்டில் தங்கினார்கள். வேலையற்றவன் வேறென்ன செய்வான் என்று உலகம் கேட்கும். அவர்கள் அருகிலிருந்த தூக்கணாங்குருவிக் கூட்டத்தை நாள்தோறும், மணிக்கணக்கில், பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கூடு எந்தக் குருவியுடையது, எந்த நாள் எந்த அளவு வளர்ந்தது, எந்தப் பெண் எப்போது வந்தது என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குறிப்புகள் 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரையாக வெளிவந்தன. அவர்களுடைய பெயர் நிலைபெற அந்த வேலையில்லாத நாட்களும் ஒரு காரணம்!

அவர்கள் கண்டது என்ன?

மழை பெய்து, வயலில் நெல்லும் மேட்டில் புல்லும் உயரும் பருவத்தில், ஆண் குருவியின் தலையிலும் மார்பிலும் பொன்மஞ்சள் படர்கிறது. முகம் கருக்கிறது. மற்ற நாட்களில் அதற்கும் பெண்ணுக்கும் வேறுபாடு காண்பது கடினம். இந்த மணக்கோலத்தோடு அது வேலையைத் தொடங்குகிறது. நெல்லின் தாளிலோ, நீண்ட புல்லிலோ, பனை ஓலையிலோ அலகால் ஒரு கீறல் போட்டு, பற்றியபடி பறந்து, ஒரு சாணுக்குக் குறையாத நாரைக் கிழித்தெடுக்கிறது. ஒரு கூடு முடிவதற்குள் ஐந்நூறு தடவை வரை இவ்வாறு போய்வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதலில் ஓலையில் ஒரு முடிச்சு, பிறகு வளையம், வளையத்தின் மேல் கூரை. சுமார் எட்டு நாளில் கவிழ்த்த மணி உருவாகிவிடும். இத்துடன் ஆண் குருவி கையை, இல்லை, அலகை நிறுத்துகிறது.

ஏன் நிறுத்துகிறது? மணமகள் வரவேண்டும்!

பெண் குருவிகள் கூட்டமாக மரத்துக்கு வரும் நேரம் காணத்தக்கது. ஒவ்வோர் ஆணும் தன் பாதிக் கூட்டின் அடியில் தொற்றிக்கொண்டு, சிறகுகளைப் படபடவென அடித்து, ஒரே குரலாய்க் கூவும். பெண்ணோ அவசரப்படுவதில்லை. ஒரு கூட்டுக்குள் நுழையும், நாரை இழுத்துப் பார்க்கும், வெளியே வரும், அடுத்த கூட்டுக்குப் போகும். கூடு எந்த அளவு நன்றாகப் பின்னப்பட்டது என்பதைவிட, அது எங்கே தொங்குகிறது என்பதையே பெண் அதிகமாகக் கவனிக்கிறது என்று பிற்காலத்து ஆய்வு ஒன்று சொல்கிறது. உயரமான இடமும், பாம்பு எளிதில் வர இயலாத மெல்லிய கிளையும் அதற்குப் பிடித்தவை. பிடித்துவிட்டால் அங்கேயே தங்கிவிடும். அதன்பின்தான் ஆண் மீதி வேலையைத் தொடர்ந்து, முட்டையிடும் அறையையும் நுழைகுழலையும் முடிக்கிறது. பிடிக்காவிட்டால்? அந்தக் கூடு அப்படியே நிற்கும். ஆண் வேறு கூட்டுக்கு முதல் முடிச்சுப் போடும். முதியவர் சொன்ன ஊஞ்சல்களின் கதை இதுதான். அவற்றுள் சில, பெண் இன்னும் வராத கூடுகள். மற்றவை, வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன கூடுகள்.

இங்கே என் எழுதுகோல் சற்றுத் துள்ளுகிறது. மாப்பிள்ளை வீடு கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். மணமகள் சுற்றிப் பார்த்துச் சம்மதம் சொல்கிறாள் அல்லது மறுத்துப் போகிறாள். மஹர் கொடுத்து மணமுடிக்கக் கடமைப்பட்ட நாமோ, பெண் வீட்டாரிடம் கைக்கூலியும் கேட்டு, சில ஊர்களில் வீட்டையும் எழுதி வாங்கிக்கொள்கிறோம்! இதை வைத்து ஒரு முழுக் கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் எழுதமாட்டேன். ஏனென்று கேளுங்கள்.

கூட்டில் பெண் முட்டையிட்டதும் ஆண் என்ன செய்கிறது தெரியுமா? அதே மரத்தில் இன்னொரு கூட்டைத் தொடங்குகிறது. அதற்கு இன்னொரு பெண்ணை அழைக்கிறது. பருவம் நல்லதாய் இருந்து பெண்கள் ஏற்றுக்கொண்டால், மூன்றாவதும் உண்டு. அடைகாப்பது முழுக்கத் தாயின் வேலை. இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமாக அடைகாத்து, குஞ்சு பொரித்தபின் இரை தேடி ஊட்டுவதும் பெரும்பாலும் தாயே. சாலிம் அலி அவர்கள் கண்டறிந்த உண்மை இது. ஆகவே, குருவியின் முதற்பாதியைச் சொல்லிக் கைக்கூலி வாங்குவோரைக் கண்டித்தால், பிற்பாதியைச் சொல்லி எவனாவது எழுந்து நின்று, "ஆணுக்கு இதுதான் இயற்கை" என்பான். அப்போது நாம் என்ன விடை சொல்வது? நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

பறவைகளிடம் மனிதனுக்குரிய சட்டத்தைத் தேடுவோர் அடையும் இடர்ப்பாடு இதுவே. ஒன்று, பொய்யைச் சொல்லி நல்லதை நிலைநாட்டப் பார்ப்பார்கள். அல்லது உண்மையைச் சொல்லித் தம் ஆசைக்குச் சான்று தேடுவார்கள். கைக்கூலி கூடாது என்பதற்கு நமக்குக் குருவி சாட்சி தேவையில்லை. திருமறையின் கட்டளை இருக்கிறது, மனச்சான்றும் இருக்கிறது. குருவிக்கோ விதிக்கப்பட்டதும் விலக்கப்பட்டதும் இல்லை. கேள்வி கணக்கும் இல்லை. அதைக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றக்கூடாது, மிம்பரிலும் ஏற்றக்கூடாது.

பறவைகளின் இணைசேர்க்கையைப் பற்றி வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம் முன்னோர் சுளிக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ், தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் புறாக்களின் காதலையும் ஊடலையும் விரிவாக எழுதினார். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஒரு சோடி சாரஸ் கொக்குகளைக் குஞ்சிலிருந்து வளர்த்து, அவற்றுக்கு லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டார். அவை இணைசேர்வதை அதுவரை கண்டவர் யாருமில்லை என்று அறிந்து, விடியற்காலையில் செய்தி கிடைத்ததும் தாமே விரைந்து சென்று பார்த்து, 1618ஆம் ஆண்டளவில் தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார். இரவெல்லாம் பெண் அடைகாக்க ஆண் அருகில் காவல் நின்றதையும், விடிந்ததும் ஆண் மாற்றி அமர்ந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். ஆள் உயரம் நிற்கும் அந்தக் கொக்குகள் ஒன்றையொன்று நோக்கித் துள்ளி ஆடி, தலை நிமிர்த்தி ஒருசேரக் கூவி, பெரும்பாலும் நெடுங்காலம் ஒரே துணையோடு வாழ்பவை. ஆக, இல்லறத்துக்கு இலக்கணம் வேண்டுவோர்க்குச் சாரஸ் இருக்கிறது. வேண்டாதோர்க்குத் தூக்கணாங்குருவி இருக்கிறது! இரண்டையும் படைத்தவன் ஒருவனே அன்றோ?

கூச்சத்தால் பார்க்க மறுத்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2017ஆம் ஆண்டு ராஜஸ்தான் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஆண்மயில் பிரம்மச்சாரி என்றும், அதன் கண்ணீரை அருந்தியே பெண்மயில் கருவுறுகிறது என்றும் செய்தியாளரிடம் கூறினார். குன்றாண்டார்கோவில் இருக்கும் அதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் மயில்களுக்குப் பேர்பெற்ற விராலிமலையும் இருக்கிறது. அங்கே ஆடுமாடு மேய்க்கும் சிறுவனைக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான்.

மயில் தோகை என்று நாம் சொல்வது உண்மையில் வால் அன்று. வாலுக்கு மேலே முளைத்து நீளும் சுமார் நூற்றைம்பது இறகுகள் அவை. மெய்யான வால் பின்னால் மறைந்து நின்று அவற்றைத் தாங்குகிறது. ஆண்மயில்கள் ஆளுக்கோர் இடம் பிடித்துக்கொண்டு விரித்து ஆட, பெண்மயில் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும். இங்கும் தெரிவு பெண்ணுடையதே. முட்டையும் குஞ்சும் இங்கும் தாயின் பொறுப்பே. பறந்து தப்ப இடையூறான இத்தனை பெரிய தோகை எதற்கு என்ற கேள்வி டார்வினையே வாட்டியது. பெண்ணின் தெரிவுதான் தலைமுறை தலைமுறையாக அதை வளர்த்தது என்று 1871இல் அவர் எழுதினார். 1991இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வொன்று, தோகைக் கண்கள் மிகுந்த ஆணையே பெண்மயில்கள் நாடின என்றது. 2008இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வோ, ஏழாண்டு பார்த்தும் அப்படி ஒன்றும் காணவில்லை என்றது. பெண்மயிலின் மனத்தில் உள்ளதை அறிஞர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்!

கிணற்றோரப் பனைக்குத் திரும்புவோம். அப்பனையை நம்பிக் காதல் செய்வது தூக்கணாங்குருவி மட்டுமன்று. பனங்காடை என்று நாம் பெயரிட்ட நீலச் சிறகுப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். கம்பியில் அசையாது அமர்ந்திருக்கும். அசமந்தம் என்று எண்ணத் தோன்றும். இணைசேரும் பருவத்தில் அதே பறவை கரகரத்த குரலெழுப்பி வானில் செங்குத்தாக ஏறும். பின் தலைகுப்புற விழுந்து, புரண்டு, சுழன்று, இரு நீலங்களும் வெயிலில் பளிச்சிட இறங்கும். அந்த வித்தையெல்லாம் முடிந்தபின் அது குடியேறுவது பெரும்பாலும் பட்டுப்போன பனையின் பொந்தில். பனை உழவாரன் என்னும் சிறு பறவையோ, தன் உமிழ்நீரையே பசையாக்கி, தொங்கும் பனையோலையில் இறகுகளை ஒட்டிக் கூடு செய்கிறது. பச்சைப் பனைக்கும் குடி உண்டு. செத்த பனைக்கும் குடி உண்டு.

திருமறையின் 'அல்அன்ஆம்' அத்தியாயம், இரு சிறகுகளால் பறக்கும் பறவைகளும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தை அறிவிக்கிறது. நம்மைப் போன்றவை என்றதனால், நம்மைப் போலவே நடக்கவேண்டும் என்பது பொருளாகுமா? என் சிற்றறிவுக்கு எட்டியது இது: அவற்றுக்கும் தமக்கென ஒரு வாழ்முறை உண்டு, ஊர் உண்டு, மணச்சடங்கும் உண்டு. ஒரு பயணத்தின்போது தோழர்கள் சிறு பறவை ஒன்றின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பி வைக்கும்படி பணித்த நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். அப்பறவை நல்லொழுக்கமுடையதா, ஒரு துணையோடு வாழ்வதா என்றெல்லாம் அங்கே விசாரணை நடக்கவில்லை.

குஞ்சை எடுப்பவர் இன்று குறைவு. ஊரையே எடுத்துவிடுகிறோமே, அதுவன்றோ பெரிது! செங்கல் சூளைக்கு விறகென்று தமிழகமெங்கும் பனைகள் சாய்க்கப்பட்டன. புதுக்கோட்டை வட்டாரத்தின் மேட்டு நிலங்களில் தைலமரத் தோட்டங்கள் பரந்துள்ளன. தைலமரத்து இலையைக் கிழித்து எந்தக் குருவியும் நாரெடுக்க இயலாது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இம்மாவட்டத்தில் சாய்த்த மரங்களுக்குக் கணக்கில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது நல்ல செய்திதான். ஆனால் இரவோடு இரவாக வெட்டிச் செல்லும் லாரி அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. பனை ஒன்று விதையிலிருந்து வளர்ந்து காய்ப்பதற்கே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆண் குருவி தன் திறமையெல்லாம் காட்டிச் சிறகடித்து அழைக்க ஓர் ஓலை வேண்டுமே! பெண் குருவி வந்து தெரிவு செய்ய, ஒன்றுக்குப் பத்துக் கூடுகள் தொங்க இடம் வேண்டுமே! ஒற்றைப் பனையில் ஒதுங்கிய இரண்டு கூடுகளில் அவளுக்கு என்ன தெரிவு இருக்கும்?

நம்மால் ஆவது என்ன என்று கேட்பீர்கள். நம் ஜமாஅத்துகளின் பொறுப்பில் நிலம் இருக்கிறது. வக்ஃபு புஞ்சைகள் இருக்கின்றன. பல ஊர்களில் மையவாடியின் எல்லையில் பனை நிற்கிறது. முன்னோர் வேலிக்காக நட்டது. அண்மைக்காலத்தில் மையவாடிகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புகிறார்கள். சுவர் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நேர்கோட்டில் சுவர் போகவேண்டும் என்பதற்காக வரிசையாகப் பனைகளைச் சாய்ப்பதைக் கண்டிருக்கிறேன். கொத்தனாரிடம் சொன்னால் இரண்டு முழம் வளைத்துக் கட்டித் தருவார். செங்கல் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவே. பட்டுப்போன பனையென்றால், "இதனால் யாருக்கு என்ன பயன்" என்பார்கள். பனங்காடையை மறந்துவிடாதீர்கள்.

எப்படியும் வெட்டியே ஆகவேண்டிய மரமாயிருந்து, முறையான அனுமதியும் கிடைத்துவிட்டால், ஒரு வேண்டுகோள். நாள் குறிக்கும் முன் காலையில் ஒருமுறை மரத்தடியில் போய் நின்று மேலே பாருங்கள். ஆண் குருவிகளின் தலையில் மஞ்சள் இருந்தால் பருவம் முடியவில்லை என்று பொருள். குழல் வழியே தாய் இரையோடு நுழைவதும், உள்ளே கீச்சுக்குரல் எழுவதும் உங்களுக்கே தெரியும். அந்தக் குரல் அடங்கி, மஞ்சளும் மங்கி, ஆண் எது பெண் எது என்று பிரித்தறிய இயலாதபடி எல்லாம் ஒரே தவிட்டு நிறமாய் வயலில் இறங்கும்வரை, கோடரிக்காரரைச் சற்றுப் பொறுத்து வரச் சொல்லுங்கள்.